மைனாவும் இரண்டு பிஸ்கட்காரர்களும்

விமானம் வேண்டும் என்று ஃபோன் செய்கிறவர்களிடம் மைனா முதலில் கேட்பது "எங்கே போகணும்?" என்றல்ல, "எதுக்குப் போறீங்க?" என்றுதான். அப்படிக் கேட்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும். தனி விமானம் பிடித்துப் போகிறவர்கள் யாருக்கும் காரணம் சொல்லிப் பழகியவர்கள் அல்ல. ஆனால் கல்யாணத்துக்குப் போகிறவருக்கு ஒரு விமானம், கோர்ட்டுக்குப் போகிறவருக்கு வேறு விமானம் என்பது அவளுடைய கட்சி. கல்யாணக்காரர் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவார், அதற்கு இடம் வேண்டும். கோர்ட்டுக்காரர் வக்கீலை இழுத்துக்கொண்டு வருவார், எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேச மேஜை வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு ஒன்றும் வேண்டாம். சீக்கிரம் கதவைச் சாத்திக் கிளம்பினால் போதும்.

மைனா என்பது பட்டப்பெயர். வைத்தவர் கேப்டன், அதாவது கம்பெனி முதலாளி. ஒரு காலத்தில் விமானம் ஓட்டியவர். காதில் கோளாறு என்று டாக்டர்கள் அவரைத் தரையில் இறக்கிவிட்டார்கள். ஓட்டத்தான் முடியாது, விற்கவாவது செய்வோம் என்று இந்தத் தொழிலைத் தொடங்கினார். சொந்தமாக விமானம் எதுவும் கிடையாது. விமானம் வைத்திருப்பவர்கள் வேறு, அதில் போகிறவர்கள் வேறு. நடுவில் நின்று இன்னாருக்கு இன்ன விமானம் பொருந்தும் என்று சேர்த்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். மைனா அதற்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தாள். குரலைக் கேட்டதுமே இவரைக் காக்கவைக்கலாம், இவரைக் கூடாது என்று சொல்லிவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, ஓயாமல் அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, நான் வேலைக்கு எடுத்தது பொண்ணையா மைனாவையா?" என்றார் கேப்டன். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வந்தது.

அவளுடைய கார்டில் 'விமானப் பயண ஆலோசகர்' என்று அச்சடித்திருந்தார்கள். அதைக் கையில் வாங்கிப் பார்த்த நாத்தனார், "வீட்டுத் தரகர் தெரியும், மாட்டுத் தரகர் தெரியும். ஆகாசத்துக்குமா தரகர்?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணவருக்கு அதைவிடச் சிரிப்பு. அவர் டவுன் பஸ் டிரைவர். "ஒரு பஸ் நெறைய ஆளை ஏத்திக்கிட்டு நான் தினமும் ஒரே ரோட்ல போயிட்டு வர்றேன். ஒரே ஒரு ஆளை ஏத்தறதுக்கு நீ இந்தப் பாடு படறியே" என்பார். சாப்பிடும்போது ஃபோன் அடித்தால் தட்டை மூடி வைப்பது அவர் வேலை. அவள் பேசி முடித்துவிட்டு வரும்வரை தானும் கை வைக்க மாட்டார்.

அந்த நாட்களை நினைத்தால் மைனாவுக்கு முதலில் ஞாபகம் வருவது ரப்பர் வாசனை. டயர் கடைக்கு மேலே இரண்டே இரண்டு அறைகள், அதுதான் ஆபீஸ். கீழே லாரி டயரைத் தூக்கிப் போட்டால் மேலே மேஜையில் டீ தளும்பும். ஃபோனில் இருப்பவர்கள், "என்னம்மா அது சத்தம்?" என்று பதறுவார்கள். "நம்ம விமானம் ஒண்ணு இறங்குது சார்" என்பாள் கூசாமல். ஜன்னலுக்கு வெளியே ஒரு விளம்பரப் பலகை, அதற்கு அப்பால் பஸ் டிப்போ. விமானம் கண்ணில் படவே படாது. விமான நிலையத்துக்குப் போய்க் கை குலுக்கிக் கதவுவரை விட்டுவிட்டு வருவது கேப்டனுடைய வேலை. மைனாவுக்கு நாற்காலியும் மூன்று டெலிபோன்களும். பெரிய மனிதர்கள் என்று ஊர் சொல்லும் பலருடைய மூட்டுவலி, மாமியார், தூக்கமின்மை எல்லாம் அவளுக்குத் தெரியும். முகம் மட்டும் தெரியாது.

பிஸ்கட்காரர்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து நடத்திய பிஸ்கட் கம்பெனி. சின்னவர்தான் முதலில் ஃபோன் செய்தார்.

"ரெண்டு பேர் போகணும். ஆனா தனித்தனியா போற மாதிரி இருக்கணும்."

"புரியலையே சார்."

"எங்க அண்ணன் வாயே திறக்க மாட்டார். நான் வாயை மூட மாட்டேன். ரெண்டு பேருக்கும் கஷ்டமில்லாத பிளேனா பாத்துச் சொல்லுங்க."

மைனா பார்த்துச் சொன்னாள். பயணம் முடிந்ததும், வழக்கம்போல விமானிக்கு ஃபோன் செய்து, "மனுஷங்க எப்படி இருந்தாங்க?" என்று கேட்டாள். போனவர்களிடம் கேட்டால் 'நல்லா இருந்தது' என்பதோடு சரி. ஓட்டினவரைக் கேட்டால்தான் உண்மை வரும். பெரியவருக்குக் கால் வீங்குகிறது, ஏறினதும் செருப்பைக் கழற்றிவிடுகிறார் என்றார் விமானி. சின்னவருக்குக் கிளம்பும்போது பயம். பேச்சு முழுவதும் அந்தப் பயத்தை மூடத்தான்.

அடுத்த தடவை பெரியவருடைய சீட்டுக்கு எதிரே கால் வைக்க ஒரு சின்ன முக்காலி இருந்தது. கிளம்புவதற்கு முன் துணை விமானி உள்ளே வந்து, சின்னவருக்கு எதிரில் உட்கார்ந்து கிரிக்கெட் பற்றிப் பேசினார். யாரும் ஒன்றும் விளக்கவில்லை. அந்த வாரம் பெரியவர் தாமாகவே ஃபோன் செய்தார். "முக்காலி உன் வேலையா?" என்றார். "ஆமாங்க ஐயா" என்றாள். "ம்" என்று வைத்துவிட்டார். பெரியவர் ஒருவரை 'நீ' என்று கூப்பிட்டால் அவர் வீட்டு ஆளாகிவிட்டதாக அர்த்தம் என்று பிறகு சின்னவர் சொல்லித் தெரிந்துகொண்டாள்.

சில வருஷங்கள் அப்படி ஓடின. இருவரும் சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே வந்தார்கள். புது பிஸ்கட் வந்தால் டயர் கடை மாடிக்கு ஒரு டின் வரும். கீழே இருக்கிற டயர்க்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

பிறகு ஒரு நாள் பெரியவர், "இனிமே எனக்கு மட்டும் புக் பண்ணாப் போதும்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. அன்று மாலையே சின்னவர். "மைனா, ஒரே ஒரு சீட் இருக்கற பிளேன் ஏதாவது இருக்கா?"

"அப்படி ஒண்ணு யாரும் செய்யறதில்லை சார்."

"செஞ்சா நல்லா விக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவள் சேர்ந்துகொள்ளாமல், விமானத்தைப் பற்றி மட்டும் பேசினாள்.

ஏன் பிரிந்தார்கள் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மைனா ஒருவரையும் கேட்கவில்லை. கம்பெனி இரண்டானது, பிஸ்கட் இரண்டானது, ஒரே தெருவில் இருந்த வீடுகள்கூட ஊரின் இரண்டு மூலைகளுக்குப் போயின. ஒன்றே ஒன்றை மட்டும் அவர்களால் பிரித்துக்கொள்ள முடியவில்லை, மைனாவை. கேப்டனுக்குப் பயம். "ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு இருந்தா ஒரு நாள் ரெண்டு பேரும் கோச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. யாராவது ஒருத்தரைக் கைகழுவிடு" என்றார்.

"யாரைக் கைகழுவறது கேப்டன்? கால் வீங்கறவரையா, பயப்படறவரையா?"

கேப்டன் டீயை எடுத்துக் குடித்தார்.

அதற்குப் பிறகு மைனாவுக்கு ஒரு புது வேலை சேர்ந்துகொண்டது. அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. தனி விமானத்தில் போகிறவர்களுக்கு நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு சின்னக் காத்திருப்பு அறை. நாலு சோபா, ஒரு மீன் தொட்டி. இருவருக்கும் ஒரே காலையில் பயணம் இருந்தால், ஒருவருடைய விமானத்துக்குத் திடீரென்று டயர் சோதனை வந்துவிடும். கேட்டால், "டயர் விஷயத்துல நாங்க ரொம்ப கண்டிப்பு சார், கீழேயே கடை இருக்கு" என்பாள். ஒரு தடவை பெரியவர் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்து நின்றுவிட்டார். உள்ளே சின்னவர் மீன் தொட்டியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மைனா இங்கிருந்து விமானியைப் பிடித்து, பெரியவரை வாசலிலிருந்தே அழைத்துப்போய் இன்ஜினைக் காட்டச் சொன்னாள். "அந்த விமானி இன்ஜினைப் பத்தி அவ்வளவு பேசுவார்னு நான் எதிர்பார்க்கலை. ஒரு பிஸ்கட் மெஷினோட ஒப்பிட்டு ஒரே விளக்கம்" என்று பெரியவர் பிறகு நொந்துகொண்டதைச் சின்னவரிடம் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாமல் இருந்ததால்தான் இருவரும் அவளிடம் இருந்தார்கள்.

ஒரு கோடை விடுமுறை. பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடி, இருக்கிற விமானங்கள் அத்தனையும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ போயிருந்த சமயம். காலையில் பெரியவர் ஃபோன்.

"எங்க அக்காவுக்கு ஆபரேஷன். மலையில இருக்காங்க. இன்னிக்கே போகணும்."

எதற்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட, இரண்டு தம்பிகளையும் வளர்த்து ஆளாக்கியது அந்த அக்கா. அது மைனாவுக்குத் தெரியும். மலை ஊரின் ஓடுபாதை சின்னது. பெரிய விமானம் இறங்காது. இறங்கக்கூடிய ரகம் இந்தப் பக்கத்தில் இருப்பதே சில. மைனா ஒவ்வொரு கம்பெனியாகக் கெஞ்சிக் கூத்தாடி, பழுதுபார்த்து முடித்து அன்றைக்குத்தான் வெளியே வந்திருந்த ஒரு குட்டி ஜெட்டைப் பிடித்தாள். பெரியவருக்குச் சொன்னாள். டெலிபோனை வைத்து, ஆறிப்போன டீயை எடுத்தாள். அடுத்த டெலிபோன் அடித்தது.

"மைனா" என்றார் சின்னவர். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. ஓயாமல் பேசுகிறவர் வாயடைத்துப் போனால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டாள்.

"தெரியும் சார். கொஞ்சம் டைம் கொடுங்க."

"பிளேன் இருக்குதானே?"

"கொஞ்சம் டைம் கொடுங்க சார்."

இன்னொரு சுற்று எல்லாக் கம்பெனிகளுக்கும் அடித்தாள். கிடைக்கவில்லை. கேப்டன் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். "முதல்ல கேட்டவருக்குக் கொடுத்தாச்சு. அடுத்தவருக்கு இல்லைன்னு சொல்றதுதான் தொழில்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மைனா பெரியவர் நம்பரைச் சுழற்றிவிட்டாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். கோபப்படக் கூடாது."

"நீ இப்படி ஆரம்பிச்சாலே கோபம் வர்ற விஷயம்தான். சொல்லு."

"அதே ஊருக்கு இன்னொருத்தரும் போகணும்னு நிக்கறார். வேற விமானம் கிடைக்கலை. உங்க விமானத்துல இடம் இருக்கு."

கீழே ஒரு டயர் விழுந்து தரை அதிர்ந்தது. பெரியவர் என்ன சத்தம் என்று கேட்கவில்லை.

"யாருன்னு சொல்ல மாட்டே."

"நான் சொல்லித்தானா ஐயா உங்களுக்குத் தெரியணும்?"

"முன்பக்கம் பாத்து உக்கார்ற சீட் எனக்கு வேணும்" என்றார் பெரியவர்.

"சரிங்க ஐயா."

"என்கிட்ட பேசச் சொல்லாதே."

"சொல்ல மாட்டேன்."

"பசி தாங்க மாட்டான். ஏதாவது வச்சுவிடு." டொக்கென்று வைத்துவிட்டார்.

சின்னவருக்குச் சொன்னபோது அவர் உடனே கேட்டார். "யார்கூட?"

"நீங்க யார்கூடப் போகக் கூடாதுன்னு இருக்கீங்களோ அவர்கூடத்தான் சார்."

"நிஜமாவே வேற பிளேன் இல்லையா? ஏதாவது நாடகம் போடறியா மைனா?"

"நாடகம் போடறதா இருந்தா எப்பவோ போட்டிருப்பேன் சார். டயர் டயரா சோதனை பண்ணிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்."

அந்தக் கவலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அந்த டயர் எல்லாம்..." என்று இழுத்தார். பிறகு, "அவர் என்ன சொன்னார்?" என்றார்.

"அவர் சொன்னதை இப்ப உங்ககிட்ட சொன்னா, நீங்க சொல்றதை நாளைக்கு அவர்கிட்ட சொல்லுவேன். பரவாயில்லையா?"

"வேண்டாம்மா. வேண்டாம். கிளம்பறேன்."

விமானம் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தது முதல் மைனாவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. யாருக்கோ பேசவேண்டிய பேச்சை வேறு யாரிடமோ பேசினாள். மலைமேல் மேகம் சூழ்ந்திருக்கிறது என்று வேறு சொன்னார்கள். மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடிவைத்தாள். கடைசியில் மலை ஊரிலிருந்து விமானி கூப்பிட்டார். தலை நரைத்த, அவளுக்குப் பழக்கமான விமானி.

"இறங்கியாச்சு. கார் ஏறிப் போயாச்சு."

"மனுஷங்க எப்படி இருந்தாங்க?"

"ஏறும்போது உம்முனு இருந்தாங்க. மேலே போனதும் ஆரம்பிச்சாங்க பாருங்க சண்டை! நடுவுல கதவைச் சாத்தியும் எங்க காதுல விழுது."

"எதைப் பத்தி? கம்பெனியா?"

"அதெல்லாம் இல்லை. ஏதோ சைக்கிள். சின்ன வயசுல பெரியவரோட சைக்கிளைச் சின்னவர் எடுத்துட்டுப் போய்த் தொலைச்சுட்டாராம். திருட்டுப் போச்சுன்னு சின்னவர், நீ பூட்டாம விட்டதாலதான்னு பெரியவர். பூட்டே கிடையாதுன்னு இவர், நீ கேட்டிருந்தா சாவி தந்திருப்பேன்னு அவர். பூட்டே இல்லாதப்ப சாவி எங்கேருந்து வந்ததுன்னு எனக்கே குறுக்கே போய்க் கேக்கணும்போல ஆயிடுச்சு."

"அப்புறம்?"

"மலைகிட்ட மேகத்துல நல்லாக் குலுங்கிச்சு. இறங்கறதுக்கு முன்னாடி திரும்பிப் பாத்தேன். சின்னவர் அவர் சீட்ல இல்லை. பெரியவர் பக்கத்துல வந்து உக்காந்திருந்தார். சண்டை மட்டும் நிக்கலை."

மைனா ஃபோனை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கேப்டன் விழித்தார். "சண்டை போட்டாங்கன்னு சொல்றான், நீ சிரிக்கறியே?"

"கம்பெனியைப் பத்திப் போட்டிருந்தா அழுதிருப்பேன் கேப்டன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

அக்கா பிழைத்துக்கொண்டார். கண் திறந்ததும், இரண்டு தம்பிகளும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நிற்பதைப் பார்த்து, "யார் செத்துட்டாங்க?" என்று கேட்டாராம். அதோடு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒன்றாகிவிட்டார்கள் என்று கதையில் வேண்டுமானால் முடிக்கலாம். இங்கே அப்படி நடக்கவில்லை. இரண்டே நாளில் பெரியவர் கூப்பிட்டார். "திரும்பி வர எனக்கு ஒரு பிளேன்." அடுத்து சின்னவர். "எனக்கும் ஒண்ணு. வேற." மைனா தலையில் அடித்துக்கொண்டு இரண்டு விமானம் அனுப்பினாள்.

ஆனாலும் எங்கோ ஒரு முடிச்சு இளகியிருந்தது. பெரியவர் பேச்சை முடிக்கும்போது, "மத்தவங்க எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்பார். அந்த 'மத்தவங்க' யார் என்று மைனா கேட்கவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. "எல்லாரும் போய்ட்டு வந்துக்கிட்டு இருக்காங்க ஐயா" என்பாள். போகிறவர் போய்க்கொண்டிருந்தால் நலம்தானே? சின்னவர் இன்னும் நேராகக் கேட்பார். "அந்த ஆளு இந்த மாசம் ரொம்ப அலையறாரா? கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லக் கூடாதா?" "அலைச்சலைக் குறைக்கச் சொன்னா என் வியாபாரம் என்னாகறது சார்?" என்று தப்பித்துக்கொள்வாள்.

மைனாவின் மகள் வெளியூரில் இருந்தாள். அவளுக்குச் சொன்ன தேதிக்கு ரொம்ப முன்னாலேயே பிரசவ வலி கண்டுவிட்டது. செய்தி எப்படியோ பிஸ்கட்காரர்கள் காதுக்குப் போய்விட்டது. இருவரும் தனித்தனியே ஃபோன் செய்து, விமானம் எடுத்துக்கொள் என்றார்கள். மைனா இருவரிடமும் ஒரே மாதிரி மறுத்துவிட்டாள். ஒருவரிடம் வாங்கினால் மற்றவருக்கு மனசு நோகும். வாங்கிய பிறகு, அடுத்த முறை மேகத்தைக் காரணம் காட்டி 'இன்னிக்குப் போகாதீங்க ஐயா' என்று சொல்ல வாய் வராது. அவளும் கணவருமாக ரயிலில் போனார்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் வாசலில் இரண்டு கார்கள். இரண்டு டிரைவர்களும் கைகளை ஆட்டி வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

"அம்மாவை நான்தான் கூட்டிட்டு வரணும்னு பெரிய ஐயா ஆர்டர்."

"சின்ன ஐயா சொன்னதைச் செய்யாம நான் திரும்பிப் போக முடியாது."

மைனா திகைத்து நின்றாள். அவள் கணவர்தான், ஆயுசு முழுக்க ஏறு ஏறு, தள்ளி நில்லு என்று சொல்லிப் பழகியவர், நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். "தம்பிகளா, சத்தம் போடாதீங்க. அம்மா அந்த வண்டியில. பெட்டியும் நானும் இந்த வண்டியில. கிளம்பு, கிளம்பு." இரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஆஸ்பத்திரிக்குப் போயின. பேரன் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு இருந்தான். தேறிவிடுவான் என்றார்கள், தேறினான். இப்போது அவன் காலுக்குச் செருப்பு வாங்கி மாளவில்லை.

காலம் யாரைக் கேட்டுக்கொண்டு ஓடுகிறது? டயர் கடை போய் அங்கே செல்ஃபோன் கடை வந்தது. கேப்டன் கம்பெனியைத் தம் மருமகனிடம் விட்டுவிட்டுக் கடற்கரை ஊருக்குப் போய்விட்டார். ஆபீஸ் கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறியது. அங்கே டீ தளும்பவில்லை. புதிதாக வந்த பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், திரையைத் தொட்டே விமானத்தை அனுப்பிவிடுவார்கள். அவர்களும் மைனா என்றுதான் கூப்பிட்டார்கள், கூட ஒரு 'மேடம்' சேர்த்து. ஜன்னல் வழியாக விமான நிலையமே தெரிந்தது. ஏறி இறங்குகிற விமானங்களைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத அந்த விளம்பரப் பலகைக்காக அவள் ஏங்கினாள். சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

அவள் ஓய்வு பெற்ற பிறகுதான் பெரியவர் காலமானார். செய்தியைக் கேட்டதும் கணவரோடு பஸ் ஏறிப் போனாள். பெரிய வீடு, வாசல் கொள்ளாத கூட்டம். யாரையும் தெரியாது, யாருக்கும் அவளைத் தெரியாது. ஹாலில் கிடத்தியிருந்த பெரியவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அவர் கால்களைத்தான் அவளுக்கு முதலில் பார்க்கத் தோன்றியது. பிறகு ஒரு தூண் ஓரம் போய் நின்றாள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

முன்னால் நாற்காலியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த வயதானவர் சட்டென்று திரும்பினார்.

"மைனா?"

எழுந்து வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல உயரமா இருப்பேன்னு நினைச்சிருந்தேன்" என்றார் சின்னவர். சொல்லும்போதே உதடு கோணி, ஒரு குழந்தை மாதிரி அழுதார்.

எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு அவர் சொன்னார். கடைசி சில வருஷங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே இங்கே வந்துவிடுவாராம். கம்பெனிகள் சேரவில்லை, பேச்சும் பெரிதாக ஒன்றும் கிடையாது. சீட்டு விளையாடிவிட்டு, ஏமாற்றிவிட்டான் என்று ஒருவரை ஒருவர் திட்டிவிட்டுப் பிரிவார்களாம். "உன்கிட்ட சொல்லலாம்னு தோணும். ஆனா நாங்களா பேசிக்கறோம்னு தெரிஞ்சா நீ எங்களைக் கவனிக்க மாட்டியோன்னு பயம்" என்றார்.

"அக்காவுக்கு இன்னும் சொல்லலை" என்றார் பிறகு. "அவங்களால மலையை விட்டு இறங்க முடியாது. ஃபோன்ல சொல்ற விஷயமும் இல்லை. நாளைக்கு நேர்ல போய்ச் சொல்லணும். தனியா போக எனக்கு... நீ வரியா?"

இத்தனை பேரை ஏற்றி அனுப்பியவள் ஒரு நாளும் தனி விமானத்தில் ஏறியதில்லை. கணவரைப் பார்த்தாள். அவர், "நானும் ஒரு தடவை டிரைவர் சீட்ல உக்காராம போறேனே" என்றார்.

மறுநாள் காலை ஏறினார்கள். உள்ளே இவ்வளவு குறுகலாக இருக்கும் என்று மைனா நினைத்ததில்லை. ஃபோனில் அவள் விவரித்து விவரித்து ஒரு மாளிகையாகக் கட்டி வைத்திருந்தாள். இங்கே தலை நிமிர்ந்து நிற்கக்கூட முடியவில்லை. தோல் சீட்டின் தையலைத் தொட்டுப் பார்த்தாள். கணவர் முன்னால் போய், விமானிகள் கை வைப்பதையெல்லாம் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார். விமானம் ஓடத் தொடங்கியது. சின்னவர் ஜன்னலைப் பார்க்காமல் மடியைப் பார்த்தார்.

"அண்ணன் சீட்டுல ஏமாத்தறது எப்படின்னு சொல்லுங்க சார்" என்றாள் மைனா.

அவர் நிமிர்ந்தார். "அதை ஏன் கேக்கற? கிழவர் முழங்கைக்கு அடியில ஒரு சீட்டை ஒளிச்சு வச்சிருப்பார்..." என்று ஆரம்பித்தவர் மலை வரும்வரை நிறுத்தவில்லை.

அக்காவின் வீடு சின்னது. ஜன்னல்கள் எல்லாம் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்தன. பஞ்சுபோல நரைத்த தலையோடு அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். தம்பிகளில் ஒருவர் மட்டும் வருவதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "எப்போ?" என்று மட்டும் கேட்டார். சின்னவர் சொன்னார். அக்கா அவர் தலையை இழுத்துத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார். மைனா கதவோரமாகவே நின்றாள்.

அப்புறம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவங்க யாருடா?" என்றார்.

"மைனா."

"ஓ, இவதானா? உங்க ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்தி அனுப்பினவ?" என்று மைனாவைப் பார்த்துக் கையை நீட்டினார். "பக்கத்துல வா. சாப்பிட்டியா?"

மதியத்துக்கு மேல் விமானி ஃபோன் செய்தார். மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது, இப்போது கிளம்பினால்தான் உண்டு என்றார். வாடிக்கையாளர்களைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வாழ்நாள் முழுவதும் நேரத்துக்குக் கிளப்பியவள் மைனா. உள்ளே எட்டிப் பார்த்தாள். அக்கா எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், சின்னவர் இல்லவே இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு இல்லை தம்பி" என்றாள் ஃபோனில். "நாளைக்குப் பாத்துக்கலாம். நீங்களும் போய் ரெஸ்ட் எடுங்க."

கணவர் அதற்குள் அடுப்படியில் பாத்திரம் உருட்டத் தொடங்கியிருந்தார். எல்லோருக்கும் டீ போட வேண்டும், சர்க்கரை எங்கே இருக்கிறது என்று கேட்டார். மைனா தேடப் போனாள்.